பொட்டு வைத்த கற்கள்

போன மாதம் ரிஸ்வான் தொலைபேசியில் கூப்பிட்டான். நான் ஓய்வு பெற்றபோது என் மேசையையும், என் குடையையும், இழுப்பறையில் கிடந்த பாதி பிஸ்கட் பக்கெட்டையும் பொறுப்பேற்றவன் அவன்.

"அக்கா, ஓடையில மெஷின் பூட்டிட்டாங்க. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா தண்ணி எப்படி இருக்குன்னு ஃபோனுக்கே வருது. இனி மழையில இறங்கத் தேவையில்ல."

"நல்லதுதானே தம்பி."

"நல்லதுதான். ஆனா இன்னொரு விஷயம். புது மெனேஜர் கல்லுக் குவியல் பக்கம் வந்தாரு. அங்க கம்புல தொங்குற செருப்பக் கழட்டச் சொல்றாரு. வெளிநாட்டுலருந்து ஆக்கள் பாக்க வாறாங்களாம். மூணு பாஷையில போர்டு இருக்கே, செருப்பு எதுக்குன்னு கேக்குறாரு. எனக்கும் சொல்லத் தெரியல. நாலு வரி எழுதி அனுப்புங்களேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் கொழும்பில் இருக்கும் மகளைக் கூப்பிட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறாளா என்று கேட்டேன்.

"ஏம்மா, இன்னைக்கு யாரு என்ன சொன்னாங்க?" என்றாள் நிவேதா. என்னைத் தெரியும் அவளுக்கு.

நாலு வரியில் சொல்லக்கூடிய கதை இல்லை அது. கொஞ்சம் பின்னாலிருந்தே வருகிறேன்.

கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தேன். கம்பஸுக்கு எட்டு மார்க் போதவில்லை. தோட்டத்துக்கு அடுத்த மலையில் மினிரன் சுரங்கம். மினிரன் என்றால் பென்சிலுக்குள் இருக்கும் கரிதான், சிங்களப் பேர். சுரங்கத்தின் ஆய்வுகூடத்துக்கு ஆள் எடுத்தார்கள், போனேன். முதல் இரண்டு வருடம் போத்தல் கழுவினேன். மூன்றாம் வருடம் அந்தப் போத்தலில் தண்ணீர் பிடிக்கச் சொன்னார்கள். என் பயிற்சி அவ்வளவுதான்.

சுரங்கத்திலிருந்து மினிரனோடு வேண்டாத கல்லும் வெளியே வரும். சில கல்லில் பொன் போல மினுங்கும் துணுக்குகள் இருக்கும். பொன் இல்லை, இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பூமிக்குள் இருக்கும்வரை யாரையும் தொந்தரவு செய்யாது. வெளியே கொட்டி, காற்றும் மழையும் பட்டுவிட்டால் அதிலிருந்து அமிலம் ஊறத் தொடங்கும். ஓடை செம்மஞ்சளாகும். தவளைகள் காணாமல் போகும். கீழே வயல்காரர்கள் கேட்டுக்குக் கூட்டமாக வருவார்கள். அப்படி வராமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் பகுதியின் வேலை.

எங்களுக்குப் பெரியவர் வீரக்கோன் சேர். வெயில் நாளில் ஆபீஸைவிட்டு அசையமாட்டார். மழை பிடித்தால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தக் குடையை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. அது சுட்டிக்காட்டுவதற்கு. "வெயில்ல ஓட தூங்குறது. மழையிலதான் பேசுறது" என்பார். எங்களோடு பேசவே தமிழ் கற்றுக்கொண்டவர். மரியாதை மட்டும் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று கடைசிவரை பிடிபடவில்லை. "நீ இங்க உக்காருங்க" என்பார். மெனேஜரையும் ஒருநாள் அப்படித்தான் உட்கார வைத்தார்.

எந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "வத்துர கொஹெத யன்னே?" தண்ணீர் எங்கே போகிறது? யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சில நாள் அதற்குப் பிறகும் கேட்கமாட்டார்.

தண்ணீர் பிடிப்பதற்கு அவர் வைத்த ஒழுங்கு இன்னும் என் கையில் இருக்கிறது. ஓடையில் இறங்கினால் ஓட்டம் வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். நம் கால் கலக்கிய தண்ணீர் போத்தலுக்குள் போகக்கூடாது. அதே தண்ணீரால் போத்தலை மூன்று முறை அலசிவிட்டு நாலாவது முறை பிடிக்க வேண்டும். அமிலம் அளக்கும் மீட்டரைத் தினமும் காலையில் இரண்டு கரைசலில் முக்கிச் சரிபார்க்க வேண்டும். புத்தகத்தில் எண்ணை எழுதுமுன் எங்கே நின்றேன், மழை எப்போது விட்டது, தண்ணீர் என்ன நிறம் என்று எழுத வேண்டும். ஒருநாள் காய்ச்சல், இறங்கச் சோம்பல். முந்தின நாள் எண்ணையே கொஞ்சம் மாற்றி எழுதிவிட்டேன். சேர் படித்துவிட்டு, "எங்க நின்னது?" என்றார். வழக்கமான பாலத்தடியில் என்றேன். "அப்பிடியா. அந்தப் பாலத்து மேல காலையில பலா மரம் விழுந்தது. நீ மரத்துக்கு உள்ள நின்னதா?" குடையை என் கையில் கொடுத்து ஓடைப் பக்கம் காட்டினார். அதற்குப் பிறகு நான் எண்ணைக் கற்பனை செய்ததே இல்லை.

ஓடை போகும் வாய்க்காலில் டோலமைட் கல் பரப்பியிருந்தோம். தோட்டத்தில் மண்ணுக்குப் போடுகிறார்களே, அதே டோலமைட். அமிலத்தை அது அடக்கும். ஆனால் இரண்டு கிழமையில் கல்மேல் செம்மஞ்சள் ஓடு பிடித்து வேலை செய்யாமல் படுத்துவிடும். மண் கிளறும் முள்ளுக் கரண்டியால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புரட்டும் கூட்டத்துக்குத் தலைவி செல்வமணி அக்கா. எங்கள் லயத்து வரிசையில் நாலாவது வீடு. "வீட்டுல தோச புரட்டுறேன், இங்க கல்லு புரட்டுறேன். தோசைக்காவது ஆளு வந்து உக்காருவாங்க" என்பாள்.

மினுங்கும் கல்லை மட்டும் பிரித்துத் தனிக் குழியில் மூடிவிட்டால் அமிலமே ஊறாது என்பது சேரின் திட்டம். குழிக்கு அடியில் செங்களிமண், மேலே கல், இடையிடையே டோலமைட் தூள், கடைசியில் மறுபடியும் செங்களி மூடி. மூடிதான் முக்கியம். களியை ஈரப்பதத்தோடு மெல்லிசாகப் பரப்பி, மிதித்து இறுக்கி, அதன்மேல் இன்னொரு அடுக்கு. இடைவெளி இருந்தால் காற்றும் மழையும் உள்ளே போய்விடும். மினுங்காத கல் வேறு குவியல். அதை யார் கேட்டாலும் கொடுக்கலாம்.

தொல்லை என்னவென்றால், கரித்தூள் படிந்து நனைந்துவிட்டால் இரண்டு கல்லும் ஒரே கறுப்பு. லொறிக்காரர்கள் குழப்பி அடித்தார்கள். ஆபத்தான கல்லுக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று யோசனை சொன்னவள் நான். சிவப்பு கறுப்பில் எடுபடவில்லை. அதனால் முதலில் மஞ்சளை அகலமாகப் பூசி, நடுவில் சிவப்பு வட்டம் ஒன்று வைத்தேன். தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. சேர் வந்து பார்த்துவிட்டு, "நல்லம், கலியாண வீடு மாதிரி" என்றார். நானும் சிரித்தேன், செல்வமணி அக்காவும் சிரித்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற இரண்டு பேர் அங்கே நின்றோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்த வருடம் மழையில் எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் கிணற்றின் சுற்றுக்கட்டு இடிந்தது. திருவிழாவுக்கு முன் கட்ட வேண்டும். கோயில் தலைவர் தங்கராஜ் மாமா சுரங்கத்திடம் கல் கேட்டார். ரப்பர் பெக்டரியில் அசிட் ஊற்றிப் பாலை உறைய வைக்கிற வேலை அவருக்கு. பேச்சும் கொஞ்சம் அசிட்தான். நல்ல குவியலிலிருந்து ஒரு லொறி கல் கொடுக்கலாம் என்று கடிதம் வந்தது. கல்லை வெளியே விடும் துண்டுச் சீட்டில் கையெழுத்து என்னுடையது. கையெழுத்துப் போடுகிறவர் லொறியோடு குவியல்வரை போய் நிற்க வேண்டும் என்பது விதி. அன்று நிவேதாவின் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு. நாலாம் வகுப்பு, மயில் நடனம். நான் கேட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு மயிலைப் பார்க்க ஓடினேன்.

குவியலடியில் நடந்ததைப் பிறகுதான் கேட்டறிந்தேன். கோயில் ஆட்கள் போய் நின்றிருக்கிறார்கள். ஒரு பக்கம் வெறும் கல். மறுபக்கம் குழிக்குப் போகக் காத்திருந்த கல், ஒவ்வொன்றிலும் மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு. "பாருய்யா, கம்பெனியே பூச போட்டு எடுத்து வச்சிருக்கு" என்றிருக்கிறார் மாமா. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, சூடம் காட்டி, ஒரு கல் விடாமல் ஏற்றியிருக்கிறார்கள். கட்டும்போது பொட்டு வெளியே தெரியும்படி பார்த்துப் பார்த்து வைத்தார்கள். மிச்சத்தைக் கிணற்றைச் சுற்றி மேடையாகப் போட்டார்கள்.

நானும் அந்தக் கிணற்றடிக்குப் பல தடவை போனேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. கோயிலில் மஞ்சள் குங்குமம் இல்லாத கல்லைப் பார்த்தால்தானே திரும்பிப் பார்ப்போம்.

மழை பெய்தது. சில கிழமையில் தோட்டம் முழுக்க ஒரே பேச்சு. "அம்மன் கெணத்துத் தண்ணியில வெளக்க அலம்பிப் பாரு! புளி வேணாம், சாம்பல் வேணாம், தங்கமாட்டம் மினுங்குது" என்று செல்வமணி அக்கா தன் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் காட்டினாள். மேல் டிவிஷனிலிருந்து ஆட்கள் செம்பும் தாம்பாளமுமாக வந்தார்கள். என் விளக்கையும் கொடுத்து அனுப்பினேன். பித்தளையைப் பளபளக்க வைப்பது எது என்று பதினைந்து வருடம் ஆய்வுகூடத்தில் இருந்தவள் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். முளைப்பாரி எடுக்கும் பிள்ளைகள் பதினொரு பேர், அதில் நிவேதாவும் ஒருத்தி. தினமும் காலையில், முந்தின நாள் பித்தளைக் குடத்தில் எடுத்து வைத்த கிணற்றுத் தண்ணீரை ஆளுக்கு ஒரு டம்ளர் தீர்த்தமாகக் கொடுப்பார்கள்.

"புளிக்குதும்மா" என்றாள் இரண்டாம் நாள்.

"தீர்த்தத்த அப்படிச் சொல்லக் கூடாது. எலுமிச்சம்பழம் புழிஞ்சிருப்பாங்க."

நாலாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விரதப் பசி என்று நினைத்து வாழைப்பழம் கொடுத்தேன். ஐந்தாம் நாள் வாந்தி. முகம் கழுவி விடும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "அம்மா, கெணத்து ஓரத்துல எல்லாம் ஒங்க ஓட மாதிரியே செவப்பா இருக்கு."

என் கையிலிருந்த செம்பு நழுவியது. அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ஆய்வுகூடத்து நீலத் தாள் எப்போதும் என் பைக்குள் இருக்கும். அமிலம் பட்டால் சிவப்பாகும். கிணற்றடிக்கு ஓடி வாளித் தண்ணீரில் முக்கினேன். கண் எதிரே சிவந்தது. பக்கத்தில் நின்ற செல்வமணி அக்கா கூவினாள்: "ஐயோ ஆத்தா! குங்குமமா மாறிருச்சே!" தாளைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இனி யாரும் அந்தத் தண்ணீரை அள்ளக்கூடாது. வாளிக் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அதே கயிற்றோடுதான் ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். டொக்டர் பிள்ளையைப் பார்க்குமுன் கயிற்றைத்தான் பார்த்தார்.

புளித்த தண்ணீர் பித்தளைக் குடத்தில் நின்றால் செம்பு கரைந்து இறங்கும், அதுதான் வயிற்றைப் பிடித்திருக்கிறது என்றார். தண்ணீரை நிறுத்தினால் சரியாகிவிடும், இரண்டு நாள் வைத்துப் பார்க்கிறேன், மற்றப் பிள்ளைகளையும் கொண்டுவாருங்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நிவேதா என் புடைவையை இழுத்து, "ஆஸ்பத்திரியில இருந்தா வெரதம் கணக்கில்லதானேம்மா? மீன் வச்ச மாலு பணிஸ் திங்கலாமா?" என்றாள். பிள்ளை தேறிவிடும் என்று அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் காலையில் அவளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு நேரே சேரிடம் போனேன். பெயின்ட், துண்டு, மயில் நடனம், எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் குடையை எடுத்தார்.

"வத்துர கொஹெத யன்னே?"

கிணற்றிலிருந்து கசிவு இறங்கும் வழியிலேயே நடந்தோம். அது இருபது குடும்பம் தண்ணீர் பிடிக்கிற ஊற்றுப் பீலிக்கு மேலே இருக்கும் வடிகானில் போய் நின்றது. பீலித் தண்ணீர் இன்னும் நன்றாக இருந்தது. கானுக்கு டோலமைட் மூட்டை வரவழைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "இனி கல்லு வெளிய வரணும். எத்தின நாள் இருக்கு?" என்றார்.

மூன்று நாள். மூன்றாம் நாள் தீர்த்தக் குடம். அக்கம்பக்கத் தோட்டமெல்லாம் வந்து அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கும்.

கோயிலடியில் தங்கராஜ் மாமா காத்திருந்தார். "கோயில் கயித்தக் களவெடுத்தது நீதானாம்மா? படிச்ச பிள்ளை!"

கயிற்றைக் கொடுத்தேன். கல்லை எடுக்க வேண்டும் என்றேன்.

"மஞ்ச குங்குமம் வச்ச கல்லப் புடுங்குறதா? ஆத்தா எங்கள சும்மா விடுவாளா?"

"மாமா, அந்தப் பொட்ட வச்சது நான். அது பெயின்ட். ஆபத்தான கல்லுன்னு காட்டத்தான் வச்சேன்."

மாமா கிணற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப ஒரு மாசமா நாங்க கும்பிட்டது ஒன் பெயின்டையா?"

"அப்ப என் வெளக்கு?" என்றாள் செல்வமணி அக்கா.

"இவ பயந்தாங்கொள்ளி, பிள்ளைக்கி வயித்து வலின்னா ஊரையே மாத்துவா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் மீட்டரைக் காட்டினேன், எண்ணைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. எண் யாருக்கு வேண்டும்?

அப்போது எனக்குத் தோன்றியது. காலையில் வெட்டிய ரப்பர் பால் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு சிரட்டையில் ஊற்றினேன். ஒன்றில் பீலித் தண்ணீர், இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர். "மாமா, நீங்களே பாருங்க" என்று இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். பிளேன்டீ வந்தது. குடித்து முடிக்குமுன் இரண்டாவது சிரட்டையில் பால் தயிர்போலத் திரண்டு நின்றது. மாமா விரலை விட்டு எடுத்தார். விரலோடு வந்தது. முதல் சிரட்டையில் பால் பாலாகவே இருந்தது.

முப்பது வருடம் பாலில் அசிட் ஊற்றியவருக்கு அதற்கு மேல் யாரும் சொல்லத் தேவையில்லை. சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, "எம் பேத்தியும் இதத்தாம்மா குடிச்சிச்சி" என்றார். குரலில் அசிட் இல்லை.

கல்லை எடுக்கச் சம்மதித்தார். ஆனால் ஒரு மாதம் பூசை கண்ட கல்லைக் குப்பை மாதிரிக் கொட்டமுடியாது, முறைப்படி ஆற்றில் இறக்க வேண்டும் என்றார். ஆற்றில் போட்டால் கீழே இருக்கிற ஊரெல்லாம் நிவேதாதான். சேர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "ஐயா, நீ ஒருக்கா வாங்க, நம்ம குழிய பாக்க" என்று மாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

முன்னமே மூடியிருந்த குழிமேல் செங்களி குவிந்து கிடந்தது. மாமா அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "இது என்ன, புத்து மாதிரில்ல இருக்கு" என்றார். புற்று அம்மன் இருக்கிற இடம். சேர் என்னைப் பார்த்தார். மாமாவே சொன்னார்: "சரி. ஆத்தா புத்துக்குள்ள இருந்துக்கட்டும்."

மறுநாள் காலையில் கிணற்றுக் கல்லைப் பெயர்த்து ஏற்றிய சுரங்கத்து லொறி முன்னால் தப்படித்துக்கொண்டு ஊர்வலம் வந்தது. உள்ளே போவதற்கு எல்லோருக்கும் தலைக்கவசம் வேண்டும் என்று கேட்டில் மறித்துவிட்டார்கள். மஞ்சள் சேலையும் மஞ்சள் தலைக்கவசமுமாகப் பெண்கள் வந்தார்கள். கல்லை அடுக்கினோம். டோலமைட் தூளை மாமா திருநீறு மாதிரி கை நிறைய அள்ளித் தூவினார். "இன்னும் போடுங்க, இன்னும்" என்று சேர் பின்னாலேயே நின்றார். பிறகு களி. எங்கள் ஆட்கள் சும்மா நாலு மிதி மிதித்துவிட்டுப் போகிற இடத்தில், நாற்பது பேர் தப்புச் சத்தத்துக்கு வெறுங்காலோடு ஆடினார்கள். ஓர் அடுக்கு பரப்பினோம், ஆடினார்கள். இன்னொன்று பரப்பினோம், மறுபடியும் ஆடினார்கள். செல்வமணி அக்கா குதித்த இடத்தில் சேர் குடைமுனையால் குத்திப் பார்த்தார். இறங்கவில்லை. "இப்பிடி மிதிச்ச களி நான் பாத்ததே இல்ல" என்றார்.

அது வெறும் பாராட்டு இல்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்தக் குழியின் அடியிலிருந்து குழாய் வழியே கசிந்து வந்த தண்ணீர்தான் என் புத்தகத்தில் எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர்.

கிணற்றை இறைத்து, நல்ல கல்லால் கட்டினார்கள். இந்தத் தடவை லொறியோடு நானே போய் நின்றேன். அந்த வருடம் தீர்த்தம் பவுசர் லொறியில் வந்தது. நிவேதா முளைப்பாரி எடுத்தாள். மற்றப் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். செல்வமணி அக்கா மறுபடியும் புளி வாங்க ஆரம்பித்தாள்; என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் செலவைச் சொல்லிக்காட்டினாள்.

சேர் எனக்குக் கொடுத்த தண்டனை ஒன்றுதான். யாரும் கும்பிட முடியாத அடையாளம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளை என்றேன், அது பன்சலை, புத்த கோயில் என்றார். பச்சை என்றேன், பள்ளிவாசல். சிலுவை மாதிரி இரண்டு கோடு என்றேன், சிரித்துவிட்டார். கடைசியில் நான் என் காலைப் பார்த்தேன். வலது செருப்பைக் கழற்றி ஒரு கம்பில் கட்டி, மினுங்கும் கல் குவியல்மேல் நட்டேன். எந்த மதத்துக்காரனும் அதற்குக் கீழே கிடக்கிற கல்லைக் கோயிலுக்கு ஏற்றமாட்டான். இன்றுவரை ஏற்றவில்லை.

எழுதியதை ரிஸ்வானுக்கு அனுப்புமுன் நிவேதாவிடம் படிக்கக் கொடுத்தேன், விடுமுறைக்கு வந்திருந்தாள். படித்துக்கொண்டே தண்ணீர் டம்ளரை எடுத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். எப்போதும் அப்படித்தான். ஒரு மடக்குக் குடித்துவிட்டு வேண்டுமென்றே முகத்தைச் சுளித்தாள். நான் பதறி டம்ளரைப் பிடுங்கினேன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

"அம்மா, அந்தச் செருப்பு இந்நேரம் மக்கிப் போயிருக்குமே."

அதையும் யோசித்துவிட்டேன். ரிஸ்வான் தம்பி, மெஷின் இருக்கட்டும், போர்டும் இருக்கட்டும். நாளைக் காலை பஸ்ஸில் ஒரு பார்சல் வரும். வலது கால் செருப்பு. மெனேஜர் கேட்டால் இதைப் படிக்கக் கொடுங்கள். நன்றாக இறுக்கிக் கட்டுங்கள்.